விசாவில் நான் டீச்சர் இல்லை

என் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவின்படி நான் ஓர் அலுவலக உதவியாளர். டீ போடலாம், ஃபைல் தூக்கலாம், கதவைத் திறந்து மூடலாம். வகுப்புக்குள் போய்ப் பாடம் நடத்த மட்டும் எனக்கு உரிமை கிடையாது. தினமும் காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் செய்வது அது ஒன்றைத்தான்.

ஊரில் எனக்குப் பெயரே இங்கிலீஷ் டீச்சர்தான். மளிகைக்கடைக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். அந்த நம்பிக்கையில்தான் வெளிநாட்டில் வேலை தேடக் கிளம்பினேன். ஒரு பள்ளிக்கூடத்து அம்மாள் போனில் என் பேச்சைக் கேட்டு ஆஹா ஓஹோ என்றாள். மறுநாள் வீடியோவில் என் முகத்தைப் பார்த்ததும் நெட் சரியில்லை என்று சொல்லிவிட்டுக் காணாமல் போனாள். அவளுக்கு இன்றுவரை நெட் சரியாகவில்லை. இன்னொரு இடத்தில், இங்கிலீஷைத் தாய்மொழியாகப் பேசுகிறவர்கள்தான் வேண்டும் என்றார்கள். விசாரித்துப் பார்த்தால், ஏதோ ஐந்தாறு நாட்டு பாஸ்போர்ட்டில் ஒன்று இருந்தால் போதுமாம். வாயைத் திறக்கச் சொல்லிக்கூடப் பார்க்க மாட்டார்களாம்.

வேலை இருந்தால்தான் விசா என்றது ஓர் அலுவலகம். விசா இருந்தால்தான் வேலை என்றது இன்னொன்று. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்கிற கதைதான். எனக்கு இரண்டும் ஆகாமலே வருஷம் ஓடியது.

கடைசியில் ஓர் ஏஜென்ட் வந்து வாய்த்தார். "உள்ள நுழைஞ்சுட்டா போதும் டீச்சர். இப்போதைக்கு உதவியாளர் விசா. அப்புறம் மாத்திக்கலாம். கூட்டமான பஸ்ஸுல முதல்ல காலை வைக்கணும், சீட்டெல்லாம் அப்புறம் பாக்கணும்" என்றார். நான் காலை வைத்தேன். இன்னும் படிக்கட்டில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறேன்.

கீழே பாத்ரூம் டைல்ஸ் விற்கிற கடை, மேலே இரண்டு மாடி எங்கள் பள்ளிக்கூடம். முதலாளி நம் மொழிக்காரர்தான். இளவயதிலேயே இங்கே வந்து, தொட்ட தொழிலெல்லாம் கைவிட்டு, கடைசியில் கல்வியில் வந்து நின்றவர். எதைக் கேட்டாலும் "பாத்துக்கலாம் டீச்சர்" என்பார். பாத்ரூம் குழாய் ஒழுகினாலும் பாத்துக்கலாம், என் விசாவும் பாத்துக்கலாம். குழாயாவது ஒரு நாள் சரியானது.

வாசலில் ஆளுயரப் பேனர் ஒன்று தொங்கும். அதில் சிரித்துக்கொண்டிருப்பவனுக்கு நான் வைத்த பெயர் துரை. செம்பட்டை முடி, நீலக்கண், சரியான பாஸ்போர்ட். அவன் ஊரில் ஃபிரிட்ஜ் விற்றுக்கொண்டிருந்தவன். ஊர் சுற்ற வந்து, கையிலிருந்தது கரைந்துபோய், எங்கள் முதலாளியிடம் மாட்டிக்கொண்டான். அவனிடமும் டீச்சர் விசா இல்லை, தற்காலிக அனுமதிதான்; அந்த பாஸ்போர்ட்டுக்கு அதுவே போதும். அவன் வேலை, பெற்றோர்கள் வரும் நாளில் வாசலில் நின்று கை குலுக்குவது. மற்ற நாளெல்லாம் பேனர் பார்த்துக்கொள்ளும். பையன் கெட்டவன் இல்லை. என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவான். எனக்குக் கோபம் வந்தால் மட்டும் நான் அவனைத் துரை என்று நேராகவே கூப்பிடுவேன். அது ஏதோ செல்லப்பெயர் என்று நினைத்துக்கொண்டு சந்தோஷப்படுவான்.

இவ்வளவையும் நான் பொறுத்துக்கொண்டதற்கு ஒரே காரணம் என் மகள். அவள் அப்பா போன பிறகு அவளை அக்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். உதவியாளர் விசாவில் இருப்பவள் பிள்ளையைக் கூட வைத்துக்கொள்ள முடியாது. ஆசிரியர் விசா என்றால் முடியும். இதற்கு நடுவில் அக்கா வீட்டுக்காரருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

"பள்ளிக்கூடம் திறக்கறதுக்குள்ள ஒண்ணு நீ கூட்டிக்கோ, இல்லேன்னா ஹாஸ்டல்தான். புது ஊர்ல எங்களுக்கு ரெண்டு ரூம்தான் கிடைச்சிருக்கு. கோச்சுக்காதடி" என்றாள் அக்கா.

கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? அக்கா செய்ததே அதிகம். மகள்தான் ஹாஸ்டல் என்ற சொல்லைக் கேட்டதும் போனில் பேச்சை நிறுத்திவிடுவாள். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணியிருந்தால் அதட்டிச் சமாளித்திருப்பேன். பேசாமல் இருக்கிற பிள்ளையை எப்படி அதட்டுவது?

அந்தச் சமயத்தில்தான் கல்வித்துறையிலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொன்னாலே வில்லங்கம் என்று எனக்குத் தெரியும்.

"டீச்சர், இந்தத் தடவை நமக்கு முதல் கிரேடு கிடைச்சா ஒரு டீச்சர் விசா கூடுதலா தருவாங்க. அது உங்களுக்குத்தான். சத்தியமா சொல்றேன். உங்க பொண்ணு டிக்கெட் எடுக்கலாம்."

"அப்போ நான் என்ன பண்ணணும்?"

"பாடத்தை நம்ம பேனர் பையனுக்குச் சொல்லிக் குடுங்க. அன்னிக்கு ஒரு நாள் அவன் நடத்தட்டும். நீங்க விசாவுல என்ன இருக்கோ அதைப் பண்ணுங்க. ரிஜிஸ்டர்ல உதவியாளர்னு ஒரு பேர் இருக்குல்ல, அந்த ஆளை இன்ஸ்பெக்டர் கண்ணால பாக்கணும். கிளாஸ் நடக்கறப்ப டீ கொண்டு வந்து வைங்க. போதும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் டிக்கெட் என்ற சொல் காதில் விழுந்தபிறகு மானம் ரோஷம் எல்லாம் இரண்டாம் பட்சமாகிவிடுகிறது. சரி என்றேன்.

துரையைத் தயார் செய்தது தனிக் கூத்து. மேஜைமேல் ஏறி உட்காராதே என்றேன். பேண்ட் பையில் கையை விட்டுக்கொண்டு பேசாதே என்றேன். கேள்வியைக் கேட்டுவிட்டுப் பதிலையும் நீயே சொல்லிவிடாதே, பிள்ளைகள் யோசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு நில் என்றேன்.

"வாயை மூடிக்கிட்டு நிக்கறதா? ஃபிரிட்ஜ் விக்கறவன் வாயை மூடினா கஸ்டமர் ஓடிடுவானே டீச்சர்" என்று அவன் மொழியில் கேட்டான்.

"இவங்க ஓட மாட்டாங்க. கதவு சாத்தியிருக்கும்" என்றேன்.

பிள்ளைகளையும் தயார் செய்தேன். நாளைக்கு இந்த அண்ணன்தான் பாடம் எடுப்பார், அவரை சார் என்று கூப்பிட வேண்டும், தெரிந்தவர்கள் கையைத் தூக்க வேண்டும், ஜன்னல் பக்கம் பார்க்கக்கூடாது. எல்லாவற்றையும் இரண்டு முறை சொல்லிக்கொடுத்தேன். ஒன்றை மட்டும் மறந்தேன்.

இந்த ஊர்ப் பள்ளிகளில் டீச்சர் உள்ளே வந்தால் யாரும் எழுந்திருப்பதில்லை. பெஞ்சில் பாதி படுத்தபடியே ஹாய் என்பார்கள். நான் வந்த முதல் வாரத்திலேயே அதை ஒழித்தேன். நான் படித்த பள்ளியில் எப்படியோ அப்படித்தான் என் வகுப்பும். நான் வாசலில் கால் வைத்ததும் அத்தனை பேரும் எழுந்து நின்று, குட்... மார்...னிங்... டீச்ச...ர் என்று ஒரே ராகத்தில் இழுக்க வேண்டும். நான் உட்காரச் சொன்னால்தான் உட்கார வேண்டும். என்னை யாரும் இதைச் செய்யச் சொல்லவில்லை. எனக்கே அது இல்லாமல் பாடம் ஓடாது. பிள்ளைகளுக்கும் அது விளையாட்டாகி, யார் முதலில் எழுவது என்று போட்டியே இருந்தது. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் குட் மார்னிங்கால் கெட்டேன்.

ஆய்வு நாளன்று முதலாளி எனக்குச் சாம்பல் நிறக் கோட்டு ஒன்றைக் கொடுத்தார். முன்னால் பெரிய பை. அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி பார்த்தேன். டீச்சர் எங்கே போனாள் என்றே தெரியவில்லை. எங்கள் பள்ளியில் டீ போடுகிற ஆளே கிடையாது. ஆளுக்கொரு கோப்பையை எடுத்து அவரவர் கலந்துகொள்வதுதான் வழக்கம். எனக்கு வீட்டிலேயே டீ வராது. என் மகளே குடிக்க மாட்டாள்.

ஆய்வாளர் வயதானவர், சாந்தமான முகம். கடைசி பெஞ்சில் போய் அமர்ந்தார். நான் தாழ்வாரத்தில் தட்டோடு நின்று கதவிடுக்கில் கேட்டேன். துரை பரவாயில்லை. கேள்வி கேட்டான், வாயை மூடிக்கொண்டு நின்றான், கை தூக்கிய பிள்ளையைப் பார்த்துத் தலையசைத்தான். சுண்ணாம்புக்கட்டியை இரண்டு விரலால் உருட்டுவது என் பழக்கம். அதையும் உருட்டினான். என்னைக் கழற்றி அவனுக்கு மாட்டிவிட்டது மாதிரி இருந்தது. வயிறு எரிந்தது. பெருமையாகவும் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா?

முதலாளி இருமினார். அதுதான் சைகை. நான் உள்ளே போனேன்.

பெஞ்சுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தரையில் தேய்ந்த சத்தம் கேட்டது. "குட்... மார்...னிங்... டீச்ச...ர்!"

துரை பதறிப்போய் எல்லாரையும் உட்காரச் சொன்னான். ஒருவரும் உட்காரவில்லை. ஏன் உட்காரப்போகிறார்கள்? நான் சொன்னால்தானே உட்கார வேண்டும்? முன்வரிசைச் சுட்டிப்பெண் ஒருத்தி, தான்தான் முதலில் எழுந்தேன் என்று என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றாள். முதலாளியின் முகத்தில் ரத்தமே இல்லை. நான் தட்டுக்கு அடியில் ஒரு கையை மட்டும் மெல்லக் கீழே இறக்கிக் காட்டினேன். மொத்த வகுப்பும் அமர்ந்தது.

ஆய்வாளர் எழுந்து என்னிடம் வந்தார். நான் இங்கே என்ன வேலை செய்கிறேன் என்று இங்கிலீஷில் கேட்டார். வாயைத் திறந்தால் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பூட்டு, எனக்கு விமானம், மகளுக்கு ஹாஸ்டல். நான் பேந்தப் பேந்த விழித்தேன். அவர் பாவம், எனக்குப் புரியவில்லை என்று நினைத்து, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து, சத்தமாக, கையை ஆட்டி ஆட்டி மறுபடி கேட்டார். நான் தட்டைத் தூக்கிக் காட்டி, "டீ" என்றேன். வாழ்க்கையில் ஒரு கேள்விக்கு அவ்வளவு சின்னப் பதில் நான் சொன்னதில்லை.

"இங்க வேலை பாக்கற எல்லாரையும் டீச்சராத்தான் நினைக்கணும்னு பசங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம் சார்" என்று முதலாளி குறுக்கே புகுந்தார். பொய் சொல்வதற்கென்றே ஒரு கிரேடு இருந்தால் அவருக்கு அன்றே கொடுத்திருப்பார்கள்.

ஆய்வாளரின் கண் கலங்கிவிட்டது. டீ கொண்டுவருகிற பெண்ணுக்கு எழுந்து நிற்கிற பிள்ளைகளை என் சர்வீஸில் பார்த்ததில்லை என்றார். துரையின் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, அதே கையாட்டலோடு, நீ... இங்கிலீஷ்... கற்றுக்கொள், இவர்... நல்ல டீச்சர் என்றார். நான் தலையாட்டினேன். போகும்போது என் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, மீதியை ஜன்னலோரம் வைத்துவிட்டுப் போனார்.

முதல் கிரேடு கிடைத்தது. அந்த வாரம் முழுக்க மகளோடு போனில் ஒரே கும்மாளம்.

"அம்மா, அங்க குளிருமா? ஸ்வெட்டர் எடுத்துக்கவா?"

"எடுத்துக்கோ. என்னோட பழைய சால்வையும் போட்டு வை."

"பாய்ஸும் கேர்ள்ஸும் சேர்ந்து படிக்கிற ஸ்கூலா?"

"வந்து பாரு. வாயைக் குறை."

விசா வந்தது. துரையின் பெயரில்.

நான் முதலாளியின் அறைக்குப் போனபோது கதவைத் தட்டவில்லை. "என் பேருக்குன்னு சத்தியம் பண்ணீங்களே!"

"பண்ணேன் டீச்சர். இல்லைங்கல. ஆனா கையெழுத்துப் போடறது அந்த இன்ஸ்பெக்டர்தான். அவரு உங்களை டீ தட்டோட பாத்துட்டாரு. இப்போ உங்க போட்டோவை ஒட்டி, இவங்கதான் எங்க இங்கிலீஷ் டீச்சர்னு நான் எந்த மூஞ்சியோட கொண்டு போய் நீட்டுவேன்?"

"நீங்க சொல்லித்தானே கொண்டு வந்தேன்?"

"கொண்டு வரச் சொன்னேன். அவ்வளவு நல்லா நடிக்கச் சொன்னேனா?" அவர் குரல் தணிந்தது. "கோச்சுக்காதீங்க. அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

மேஜைமேல் இருந்த உலக உருண்டையை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். போடவில்லை. வெளியே வந்து பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டவள் யாரிடம் போய்ப் பரிகாரம் கேட்பது? மகளுக்கு ஒரு வாரம் போன் செய்யவில்லை. அவளும் கேட்கவில்லை. அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது எனக்கும் புரிந்துவிட்டது.

துரை மட்டும் என் பின்னாலேயே அலைந்தான். நான் வேண்டுமானால் போய் உண்மையைச் சொல்லட்டுமா என்றான். சொன்னால் உன்னையும் சேர்த்துத்தான் அனுப்புவார்கள், பேசாமல் நாளைப் பாடத்தைப் படி என்றேன். ஏனென்றால் அவன் இப்போது நிஜமாகவே டீச்சர்.

சான்றிதழ் கொடுக்க ஆய்வாளரே வருவதாக விழா ஏற்பாடானது. பெற்றோர்கள், பலூன், ஒலிபெருக்கி, பெரிய கேக். முதலாளி மறுபடியும் சாம்பல் கோட்டை நீட்டினார். கோட்டைப் போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கினேன். கூடத்துக்குள் நான் நுழைந்ததும் என் வகுப்புப் பிள்ளைகள் எழப் பார்த்தார்கள். கண்ணாலேயே அடக்கினேன்.

ஆய்வாளருக்கு என்னை அடையாளம் தெரிந்தது. முகமெல்லாம் சிரிப்போடு, கையை ஆட்டி ஆட்டி, இங்கிலீஷ்... கற்கிறாயா என்று கேட்டார்.

எனக்குள் ஏதோ அறுந்தது. போதும் என்று தோன்றியது. விசாவும் இல்லை, மகளும் வரப்போவதில்லை, இனி எதற்கு இந்த ஊமை வேஷம்? தட்டைக் கேக்குக்குப் பக்கத்தில் வைத்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற என் குரலில், என் இங்கிலீஷில், நிறுத்தி நிதானமாகச் சொன்னேன்.

"ஐயா, உங்கள் அக்கறைக்கு மிகவும் நன்றி. ஆனால் அன்றைக்கு இந்தப் பள்ளிக்கூடத்தில் நீங்கள் பார்த்த எதுவும், நீங்கள் புரிந்துகொண்டபடி நடந்ததல்ல. உங்களுக்கு நேரமிருந்தால் முதலிலிருந்து சொல்கிறேன்."

ஆய்வாளரின் வாய் திறந்தபடி நின்றது. முதலாளி நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். சரி, முடிந்தது கதை, இன்றைக்கே பூட்டு என்று நினைத்தேன். நினைக்கவே இனித்தது.

ஆய்வாளர் துரையின் பக்கம் திரும்பினார். "இவ்வளவு சீக்கிரத்திலா!" என்று கூவினார். "டீ என்ற ஒரு சொல்தான் தெரியும் இந்த அம்மாவுக்கு. இவரை எப்படிப் பேச வைத்துவிட்டீர்கள்!" அவனை இழுத்துக் கட்டிக்கொண்டார். கூடமே கைதட்டியது.

"நான்தான் டீச்சர்" என்று இங்கிலீஷில் கத்தினேன்.

"அடடா, என்ன உச்சரிப்பு!" என்றார் அவர், துரையைப் பார்த்து.

துரை, "இல்லை சார், இவங்கதான்..." என்று ஆரம்பித்தான். முதலாளி ஒரு பெரிய கேக் துண்டை அவன் வாயில் திணித்தார். மிச்சத்தை அவன் க்ரீமோடு சேர்த்து விழுங்கினான்.

பிறகு போட்டோ எடுத்தார்கள். ஒரு பக்கம் ஆய்வாளர், ஒரு பக்கம் துரை, நடுவில் சாம்பல் கோட்டோடு நான். அடுத்த வருஷம் பேனரில் அதைப் போடலாம் என்று முதலாளி சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டுவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அவளை ஹாஸ்டல்ல சேக்க வேண்டாம். நான் வந்துடறேன்."

"என்னடி திடீர்னு? வேலை?"

"டீ போடறதுக்கு இவ்வளவு தூரம் எதுக்குக்கா?"

"டீயா? நீ இங்கிலீஷ் டீச்சர்தானே அங்க?"

"அது இங்க ஒரு கிளாஸ் பசங்களுக்கு மட்டும்தான் தெரியும்" என்றேன்.